நாற்பது நிமிடச் சூடு

எது நல்லதுன்னு என்னைக் கேட்காதே தம்பி.
இரண்டையும் நான் ஆடியதில்லை.
நேஷனல் மார்க்கெட்டில் மாடிப்படிக்குக் கீழே
ஆறுக்கு நாலு கடை.
உயிர் போன பிறகுதான்
இரண்டும் என்னிடம் வருகின்றன.

வெள்ளை சாகும்போது ஊரைக் கூட்டும்.
நெற்றி வளையத்தில் முக்கால் வட்டம் சிவப்பு.
பையை முழுதாகத் திறக்குமுன்பே
தொகையைச் சொல்லிவிடுவேன்.
கறுப்பிடம் அந்த நாடகம் இல்லை.
ஒரு மஞ்சள், கண்ணிமைக்கும் நேரம்.
மூன்று பீப். அவ்வளவுதான்.

வெள்ளைக்குக் கரண்ட் செங்கல் வெளியே,
கட்டிலடியில் கிடந்து கால்விரலைப் பதம் பார்க்கும்.
கறுப்பு எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும்,
கரண்டையும் காய்ச்சலையும்.

திறந்தால் இரண்டிலும் அதே ஈயமில்லாப் பற்று,
சூட்டில் வீங்கி, ஆறி, மயிரிழை விரிசல்.
இரண்டிலும் கரப்பான்.
ஜெயநகர் பெட்டியில் நாய் முடி,
கோரமங்களாவில் ஐந்து பையன்கள் குடியிருந்த அறையிலிருந்து
மிக்சர், அதில் ஒரு முழு முந்திரி.
துண்டில் சுற்றிவைத்தால் வெள்ளை எழும்பும் என்று
யாரோ கிளப்பிவிட்டதை நம்பி
ஒருத்தன் பெட்ஷீட்டோடு தூக்கி வந்தான்.
எழும்பித்தான் இருந்தது. இரண்டு நாள்.

எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான்.
வெள்ளையின் தலையிலிருக்கும் டிஸ்க்கை
டிபன் பாக்ஸ் மூடிபோலக் கழற்றி
வேறொரு வெள்ளையில் மாட்டு,
விட்ட இடத்திலிருந்து ஆடலாம்.
கறுப்பின் டிஸ்க் தன் போர்டோடு மட்டுமே பேசும்.
போர்டு போனால்
இன்னொரு கறுப்புக்கு அது வெறும் தகடு.

இது தெரிந்தேதான் அல்போன்ஸ் வந்தான்,
பீன்யா ஷிப்ட் முடித்து, கூலண்ட் வாசத்தோடு,
ரேஷன் பையில் கறுப்பு.
உள்ளே ஒரு கிரிக்கெட் கேம்.
பேர் வைக்கலாம், முகம் வைக்கலாம், நடையைக்கூட மாற்றலாம்.
ஸ்ரீராம்புரம் ஐந்தாவது கிராஸ் பையன்கள் பதினொரு பேரையும்
அதில் செய்து வைத்திருந்தான்.
மூன்று வருஷ ஸ்கோர்.

பென் டிரைவ் இருக்கா?
அந்த கேம் காப்பி எடுக்க விடாதுக்கா.
எழுப்புவேன், ஆனா நிக்காது.
எவ்ளோ நேரம்?
அரை மணி. முக்கால். சிலது சாயங்காலம் வரைக்கும்.
போதும்.

ஹீட் கன்னை வட்டமாகச் சுற்றினேன்,
தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி.
ஆறவிட்டு, பேஸ்ட் தடவி, முடுக்கி,
பட்டனைத் தொட்டால்
பச்சை.

ஆடுவான் என்று நினைத்தேன். ஆடவில்லை.
பில்லைத் திருப்பி எழுதுக்கா என்றான்.
தாஸ், சராசரி அறுபத்தொன்று புள்ளி நாலு.
(நிஜத்துல ஒன்பதைத் தாண்டினதில்லை, பாவம்.)
நூருல்லா, கீப்பர், முப்பத்திரண்டு.
லூர்துக்குச் சராசரியே இல்லை,
கடைசியில் இறக்கிவிட்டதால் ஒருதரம்கூட அவுட் ஆகவில்லை.
ஒவ்வொரு முகத்தையும் ஒரு சுற்று திருப்பிப் பார்த்தான்.
மூக்கு சரியா வரல, இவனுக்கு இன்னும் சப்பை, என்றான்.
மின்விசிறி இரைச்சல் ஏறிக்கொண்டே போனது.
வேகமா, என்றேன்.

பத்தாவது பெயரில் படம் உறைந்தது.
மஞ்சள். மூன்று பீப்.

பதினொன்னு யாரு?
நான்தாங்கா.
சராசரி?
நூத்தி நாலு.

நம்பவில்லை. எழுதினேன்.

பில்லை மடித்து ஐடி கார்டு உறைக்குள் செருகி,
பெட்டியை எனக்கே விட்டுப் போனான், ஸ்பேருக்கு ஆகட்டும் என்று.
டிரைவ் ஒரு மல்லேஸ்வரம் பெட்டிக்குப் போயிற்று.
டிஸ்க்கை அழித்து விற்கலாம், முந்நூறு கிடைக்கும்.
இன்னும் டப்பாவில் கிடக்கிறது.
மின்விசிறி மட்டும் இதோ, என் மேசைமேல்,
சால்டர் புகையை வெளியே தள்ளிக்கொண்டு.

சரி, உன் வெள்ளையைக் கொடு.
துண்டு சுற்றினாயா?
உண்மையைச் சொல்.